மென்பொருள் திட்டத்துக்கு நாளையும் செலவையும் கணிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஆறு பேர் கொண்ட ஒரு சிறு குழு. எந்த ப்ராஜெக்டுக்கு எஸ்டிமேட் கொடுத்தாலும் கடைசியில் ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு நாள் ஆகிவிடுகிறது. சரியாகக் கணிக்க ஏதாவது ஃபார்முலா உண்டா? முதல் சந்திப்பிலேயே கிளையன்ட் நம்பர் கேட்டால் என்ன சொல்வது? வேலை தாமதமானால் ஆள் சேர்க்கலாமா?

ஃபார்முலாக்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன், கேள்விக்குள்ளேயே இருக்கும் ஒரு தகவலைக் கவனியுங்கள். உங்கள் கணிப்பு எப்போதும் ஒரே பக்கம்தான் தவறுகிறது. கணக்குப் போடும்போது நேரும் கைப்பிசகு என்றால், சில வேலைகளாவது சொன்ன நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றுகூட முடிவதில்லை என்றால், ஏதோ ஒரு வகை வேலை ஒவ்வொரு முறையும் கணக்குக்குள் வராமலே போகிறது என்று அர்த்தம். அது எது என்று கண்டுபிடித்துக் கணக்கில் ஏற்றுவதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் எந்த ஃபார்முலாவைக் கையில் எடுத்தாலும் அதே ஒன்றரை மடங்குதான் வரும்.

எது விடுபடுகிறது? ஒரு டெவலப்பரிடம் "லாகின் பகுதிக்கு எத்தனை நாள்?" என்று கேளுங்கள். "மூன்று நாள்" என்பார். உண்மையாகத்தான் சொல்கிறார், உட்கார்ந்து கோட் எழுத மூன்று நாள் போதும். ஆனால் பாஸ்வேர்டை மறந்தவருக்கு மின்னஞ்சல் போக வேண்டும். தவறான பாஸ்வேர்டை ஐந்து முறை போட்டால் கணக்கைப் பூட்ட வேண்டுமா என்று கிளையன்டிடம் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். கோட் ரிவ்யூவில், அதாவது சக டெவலப்பர் கோடைச் சரிபார்க்கும்போது, திரும்பி வந்ததைத் திருத்த வேண்டும். டெஸ்டர் கண்டுபிடித்த பக்-களைச் சரிசெய்து மறுபடி அனுப்ப வேண்டும். டெஸ்ட் சர்வரில் ஓடியது நிஜ சர்வரில் ஓடாதபோது காரணம் தேட வேண்டும். பழைய பயனர்களின் கணக்குகளைப் புதிய தரவுத்தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். இவற்றில் ஒன்றுகூட அந்த மூன்று நாளில் இல்லை. அவர் ஒளிக்கவும் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குள் இவை வரவில்லை.

ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 இயங்குதளத்தை உருவாக்கிய பணிக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ், 1975-இல் வெளியான தன் நூலில் ஒரு பங்கீடு சொன்னார்: கால அட்டவணையில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடலுக்கு, ஆறில் ஒரு பங்கு கோட் எழுதுவதற்கு, நான்கில் ஒரு பங்கு தனித்தனிப் பாகங்களைச் சோதிப்பதற்கு, மீதி நான்கில் ஒரு பங்கு எல்லாவற்றையும் சேர்த்துவைத்துச் சோதிப்பதற்கு. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு இது; இன்றைய கருவிகளோடு அப்படியே பொருந்தாது. ஆனால் சொல்ல வந்த செய்தி மாறவில்லை: கோட் எழுதுவது வேலையின் சிறு பகுதி. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன, எஸ்டிமேட்டைப் பாதியாக்கலாமே என்று இப்போது பலர் கேட்கிறார்கள். புரூக்ஸின் பங்கீட்டை வைத்தே போட்டுப் பாருங்கள். ஆறில் ஒரு பங்கான வேலையின் நேரம் பாதியானால், மொத்த அட்டவணையில் மிச்சமாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. கிளையன்ட் தனக்கு என்ன வேண்டும் என்று முடிவெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை எந்தக் கருவியும் குறைப்பதில்லை.

இது மென்பொருள்காரர்களுக்கு மட்டும் உள்ள குறையும் அல்ல. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். இதில் நான் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லும் எண் வேறு. "எல்லாமே மிக மோசமாகப் போனால் எத்தனை நாள்?" என்றும் அவர்களிடம் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்ன பதிலின் சராசரி 48.6 நாள். அதாவது, அவர்கள் கற்பனை செய்ய முடிந்த மிக மோசமான நிலைமையைவிட நிஜம் ஒரு வாரம் தள்ளியே முடிந்தது. வேலையை உள்ளே இருந்து பார்த்து, படிப்படியாக மனதில் ஓட்டிப் பார்க்கும் எவருக்கும் இது நடக்கும். மனதுக்குள் ஓடும் படத்தில் காய்ச்சல் வருவதில்லை, சர்வர் படுப்பதில்லை, பாதியில் ரிக்வயர்மென்ட் (கிளையன்ட் என்ன வேண்டும் என்று கேட்டது) மாறுவதில்லை.

மருந்து ஒன்றுதான் எனக்குத் தெரிந்து வேலை செய்கிறது: இதே மாதிரி வேலை சென்ற முறை உண்மையில் எவ்வளவு ஆனது என்று பார்ப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான குழுக்களில் அந்தப் பதிவே இருக்காது. கொடுத்த எஸ்டிமேட் மின்னஞ்சலில் எங்கோ கிடக்கும். உண்மையில் ஆன நாட்கள் யார் ஞாபகத்திலும் இருக்காது. ஆகவே அடுத்த எஸ்டிமேட் போடுவதற்கு முன் இரண்டு நாள் ஒதுக்கி, முடிந்த ஐந்தாறு ப்ராஜெக்டுகளைத் தோண்டி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன சொன்னோம், என்ன ஆனது, எத்தனை ஸ்கிரீன், எத்தனை ரிப்போர்ட், வெளிச் சேவைகளோடு எத்தனை இணைப்பு என்று எழுதுங்கள். கோட் சேமிப்பகத்தின் வரலாறு, வேலைகளைப் பதிந்துவைக்கும் டிக்கெட்டுகளின் தேதிகள், அனுப்பிய பில்கள் எல்லாம் இதற்கு உதவும். துல்லியம் தேவையில்லை, நான்கு நாளா ஐந்து நாளா என்ற சந்தேகம் இங்கே பொருட்டே இல்லை.

அதிலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கும். ஒன்று, சொன்னதற்கும் ஆனதற்கும் உள்ள விகிதம். அது 1.4, 1.5, 1.6, 1.7, 2.1 என்று இருந்தால் நடு எண் 1.6. உங்கள் குழுவின் இன்றைய கணிப்புப் பழக்கத்துக்கு அதுதான் திருத்தக் காரணி. பழக்கம் மாறும்வரை அதனால் பெருக்குங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டாவது எண் இன்னும் மதிப்பானது: ஒரு நடுத்தர ஸ்கிரீனுக்கு, அதன் கோட், டெஸ்டிங், திருத்தம், கிளையன்ட் ஒப்புதல் எல்லாம் சேர்த்து, உங்கள் குழு எத்தனை ஆள்நாள் செலவிடுகிறது என்பது. (ஒருவர் ஒரு முழு நாள் செய்யும் வேலை ஓர் ஆள்நாள்.) இது கையில் இருந்தால் அடுத்த முறை யாரையும் ஊகிக்கச் சொல்ல வேண்டாம். எண்ணினால் போதும். எண்ண முடிந்ததை எண்ணுவது, எண்ண முடியாததைக் கணக்கிடுவது, இரண்டும் முடியாதபோது மட்டும் அனுபவத்தை வைத்து ஊகிப்பது என்ற வரிசையை நான் விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட ஃபார்முலாக்கள். புகழ்பெற்றது கோகோமோ. மென்பொருள் பொறியியலாளர் பாரி போம் 63 ப்ராஜெக்டுகளின் தரவை வைத்து உருவாக்கி 1981-இல் வெளியிட்டது. அதன் எளிய வடிவில், சிறு குழு தனக்குப் பழகிய வகை மென்பொருளை எழுதும்போது, கோட் எத்தனை ஆயிரம் வரி என்ற எண்ணை 1.05 அடுக்குக்கு உயர்த்தி 2.4-ஆல் பெருக்கினால் உழைப்பு ஆள்மாதத்தில் கிடைக்கும். 10 ஆயிரம் வரிக்குச் சுமார் 27 ஆள்மாதம். அந்த உழைப்பை 0.38 அடுக்குக்கு உயர்த்தி 2.5-ஆல் பெருக்கினால் காலம் வரும்: சுமார் எட்டே முக்கால் மாதம். வன்பொருளோடு இறுகப் பிணைந்த கடினமான மென்பொருளுக்கு அடுக்கு 1.20, அளவு இரண்டு மடங்கானால் உழைப்பு 2.3 மடங்காகும். பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு வரியின் விலையும் ஏறும் என்பதை இது நன்றாகக் காட்டுகிறது. ஆனால் வேலை தொடங்கும் முன்பே எத்தனை ஆயிரம் வரி வரும் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் குறையைத் தீர்க்கத்தான், ஐபிஎம்மின் ஆலன் ஆல்பிரெக்ட் 1979-இல் முன்வைத்த ஃபங்ஷன் பாயிண்ட் முறை, வரிகளை விட்டுவிட்டு உள்ளீடுகள், வெளியீடுகள், விசாரணைகள், கோப்புகள் ஆகியவற்றை எண்ணச் சொன்னது. பெரிய நிறுவனங்களுக்கு இவை பயன்படும். ஆறு பேர் குழுவுக்கு உங்கள் சொந்த எண்களே போதும். மற்றவர்களின் 63 ப்ராஜெக்டுகளைவிட உங்களுடைய ஐந்து ப்ராஜெக்டுகள் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

நீங்கள் உண்மையில் பயன்படுத்த வேண்டிய ஃபார்முலா மூன்று புள்ளி மதிப்பீடு. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறையிலிருந்து வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று எண்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கம்போல் நடந்தால், மோசமாகப் போனால். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். ஒரு சரக்கிருப்பு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பயனர் அனுமதிகளுக்கு 3, 5, 10 ஆள்நாள். சரக்குப் பதிவு ஸ்கிரீன்களுக்கு 8, 12, 22. பணம் செலுத்தும் சேவையின் இணைப்புக்கு 4, 7, 22. ரிப்போர்ட்டுகளுக்கு 6, 9, 18. பழைய தரவைக் கொண்டுவருவதற்கு 5, 10, 33. நடு எண்களை மட்டும் கூட்டினால் 43 ஆள்நாள். பெரும்பாலான குழுக்கள் கிளையன்டிடம் சொல்வது இதைத்தான். மூன்று புள்ளிக் கணக்குப்படி 5.5, 13, 9, 10, 13 என்று வந்து, மொத்தம் 50.5. பஃபர் என்று கூடுதல் நாள் எதுவும் சேர்க்காமலே ஏழரை நாள் கூடிவிட்டது. காரணம், வேலை சீக்கிரம் முடிவதற்கு ஓர் எல்லை உண்டு, இழுத்துக்கொண்டே போவதற்கு எல்லை இல்லை. எத்தனை நாள் ஆகலாம் என்பதை வரைபடமாக வரைந்தால், ஒவ்வொரு வேலையின் வலது பக்க வாலும் நீளமானது. நடு எண்களைக் கூட்டும்போது அந்த வால்களை எல்லாம் வெட்டி எறிந்துவிடுகிறோம்.

50.5 என்பதும் ஏறக்குறையப் பாதி வாய்ப்புள்ள எண்தான். பத்தில் ஒன்பது வாய்ப்புள்ள எண் வேண்டுமென்றால் சிதறலையும் பார்க்க வேண்டும். பாடப்புத்தக முறையில், ஒவ்வொரு வேலையின் மோசமான எண்ணிலிருந்து நல்ல எண்ணைக் கழித்து ஆறால் வகுத்தால் அதன் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து எவ்வளவு சிதறும் என்பதன் அளவு. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்தத்தின் திட்ட விலக்கம். நம் எடுத்துக்காட்டில் அது 6.4 நாள். அதன்படி 59 ஆள்நாளுக்குள் முடிய 90 சதவீத வாய்ப்பு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆறால் வகுப்பது, நீங்கள் கொடுத்த வரம்புக்குள் கிட்டத்தட்ட எல்லா நிகழ்வுகளும் அடங்கிவிடும் என்று வைத்துக்கொள்கிறது. மனிதர்கள் கொடுக்கும் வரம்பு அவ்வளவு அகலமாக இருப்பதே இல்லை. மேலே சொன்ன மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய பதிவுகளைப் பார்த்து, பத்தில் ஏழு முறைதான் நிஜம் உங்கள் வரம்புக்குள் விழுந்தது என்று தெரிந்தால், ஆறுக்குப் பதில் சுமார் 2.1-ஆல் வகுக்க வேண்டும். அப்போது திட்ட விலக்கம் 18 நாளைத் தாண்டும். 90 சதவீத எண் 59-இலிருந்து 74-க்குப் போகும். அதே ஐந்து வேலைகள், அதே பதினைந்து எண்கள். மாறியது உங்களைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பது மட்டுமே. போதாக்குறைக்கு, ஒரு வேலை தாமதமானால் மற்றது ஆகாது என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் பதில் சொல்லத் தாமதிக்கும் கிளையன்ட் ஐந்து வேலைக்கும் ஒருவரேதான். ஆகவே 74-ஐயும் தாராளமான எண் என்று நினைக்க வேண்டாம்.

வேலையைப் பிரிப்பது பற்றி ஒன்று. இரண்டு மூன்று நாளைத் தாண்டும் எந்த வேலையும் இன்னும் புரியாத வேலை என்று எடுத்துக்கொண்டு மேலும் உடையுங்கள். உடைக்கவே முடியவில்லை என்றால் அதற்கு எஸ்டிமேட் போடாதீர்கள். இரண்டு நாள் கொடுத்து ஒருவரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு போடுங்கள். குறிப்பாக, நீங்கள் இதுவரை தொடாத வெளிச் சேவையின் ஏபிஐ (அந்தச் சேவையோடு உங்கள் மென்பொருள் பேசும் இடைமுகம்) என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. ஆவணத்தில் எழுதியிருப்பதும் உண்மையில் வேலை செய்வதும் வேறாக இருப்பது அங்கேதான் தெரியவரும்.

யார் கணிப்பது? வேலையைச் செய்யப்போகிறவர்கள். ஒருவர் எண்ணை மற்றவர் கேட்பதற்கு முன், தனித்தனியாக. சீனியர் முதலில் "நான்கு நாள்" என்று சொல்லிவிட்டால், ஜூனியரின் மனதில் இருந்த ஒன்பது வாய்க்கு வராது. 2002-இல் ஜேம்ஸ் கிரெனிங் அறிமுகப்படுத்திய, எண் எழுதிய சீட்டுகளை வைத்துக் கணிக்கும் பிளானிங் போக்கரில் எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்புவது இதற்காகத்தான். நான்கும் ஒன்பதும் வந்தால் சராசரி எடுத்து ஆறரை என்று எழுதிவிட வேண்டாம். ஒன்பது சொன்னவரிடம் ஏன் என்று கேளுங்கள். விடுபட்ட வேலையைப் பார்த்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். கிளையன்டின் எதிர்பார்ப்பும் இப்படித்தான் நம்மை இழுக்கும். "இது ஒரு மாச வேலைதானே" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டவர்களின் எஸ்டிமேட், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொன்ன பிறகும் அந்த எண்ணை நோக்கியே சரிகிறது என்பதை நார்வே ஆய்வாளர் மாக்னே யோர்கென்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். எனவே பட்ஜெட் பேச்சைக் கேட்டவர் ஒருவர், கணிப்பவர் வேறொருவர் என்று இருந்தால் நல்லது.

இனி முதல் சந்திப்பு. "சும்மா ஒரு ரஃப் நம்பர் சொல்லுங்க" என்பார்கள். அந்த நேரத்தில் உண்மையிலேயே எவ்வளவு தெரியாது என்பதற்குப் போம் ஓர் அளவு கொடுத்திருக்கிறார்: யோசனை நிலையில் இருக்கும்போது நிஜம், சொன்ன எண்ணின் நான்கில் ஒரு பங்கிலிருந்து நான்கு மடங்கு வரை எங்கும் இருக்கலாம். ரிக்வயர்மென்ட் தெளிவாகி, வடிவமைப்பு முடிவாக முடிவாகத்தான் அந்த வரம்பு குறுகும். நாள் கடப்பதால் மட்டும் குறுகாது. முடிவுகள் எடுக்கப்பட வேண்டும். அதனால் ஒற்றை எண்ணைச் சொல்லாதீர்கள். "இதேபோன்ற வேலைகள் எங்களுக்கு மூன்று மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை ஆகியிருக்கின்றன. இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் இதைவிடக் குறுகலாகச் சொல்ல முடியும்" என்று சொல்லுங்கள். கேள்விகளையும் கையோடு கொடுங்கள்: பழைய தரவு உண்டா, எத்தனை வகைப் பயனர்கள், வேறு எந்த மென்பொருளோடு இணைய வேண்டும், ஒப்புதல் தரப்போவது யார். நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மூன்று பேர் ஒப்புதல் தர வேண்டிய ப்ராஜெக்ட், ஒருவர் தரும் ப்ராஜெக்டைவிட நிச்சயம் நீளும்.

அவர்கள் "இல்லை, ஜூன் முதல் தேதிக்குள் வேண்டும்" என்றால், அது அவர்களுடைய இலக்கு. அதற்கு நியாயமான வியாபாரக் காரணம் இருக்கலாம். ஆனால் அவர்களின் இலக்கு உங்கள் கணிப்பை மாற்றாது. கணிப்பு ஆகஸ்ட் என்று சொன்னால், பேச வேண்டியது எதை ஜூனுக்குள் கொடுக்கலாம், எதைப் பிறகு கொடுக்கலாம் என்பது. எண்ணில் பேரம் பேசாதீர்கள். வேலையின் அளவில் பேசுங்கள். இலக்கையும் கணிப்பையும் குழப்பியதன் விளைவுக்கு அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தின் தானியங்கிப் பெட்டி கடத்தும் அமைப்பைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. விமான நிலையத்தை 1993 அக்டோபரில் திறப்பதாக இருந்தது. அதற்கு முன் எவரும் செய்திராத அளவு சிக்கலான அமைப்பு. தேதி முன்பே குறிக்கப்பட்டுவிட்டது. நடுவில் மாற்றங்களும் வந்துகொண்டே இருந்தன. விமான நிலையம் 1995 பிப்ரவரியில், 16 மாதம் தாமதமாகத் திறந்தது. அப்போதும் அந்த அமைப்பு திட்டமிட்டபடி முழுமையாக இயங்கவில்லை. 2005-இல் அதைக் கைவிட்டார்கள்.

உழைப்பை நாட்காட்டியாகவும் பணமாகவும் மாற்றுவது அடுத்தது. 50 ஆள்நாள் என்றால் ஐந்து பேர் பத்து நாள் என்று வகுத்துவிட முடியாது. எட்டு மணி நேர நாளில் ப்ராஜெக்டுக்கென்று கிடைப்பது ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே என் வழக்கம். மீதி கூட்டம், மின்னஞ்சல், பழைய ப்ராஜெக்டின் அவசரத் திருத்தம். விடுமுறையையும் விடுப்பையும் தனியாகக் கழியுங்கள். ஒருவர் முடித்தால்தான் மற்றவர் தொடங்க முடியும் என்ற வேலைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். அந்த நீண்ட வரிசையைவிடச் சீக்கிரம் எத்தனை பேர் இருந்தாலும் முடியாது.

செலவில் சம்பளக் கணக்கு எல்லோரும் போடுவதுதான். சம்பளத்தோடு, வாடகை, கணினி, நிர்வாகம் எல்லாம் சேர்த்த ஒரு நாள் செலவை எடுங்கள். வெறும் சம்பளத்தை எடுத்தால் லாபம் என்று நினைத்தது வாடகையில் கரைந்துவிடும். அதற்கு மேல் கிளவுட் சர்வர், மென்பொருள் உரிமங்கள், குறுஞ்செய்தி மற்றும் பணம் செலுத்தும் சேவைகளின் கட்டணம், பாதுகாப்புச் சோதனை, பயிற்சி, ஒப்படைத்த பிறகு சில மாதம் இலவசமாகத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தால் அந்த உழைப்பு. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முதல் ஆண்டு பராமரிப்புக்கு எவ்வளவு ஆகும் என்பதைத் தனி வரியாகக் காட்டுங்கள். மென்பொருளின் வாழ்நாள் செலவில் பெரும்பகுதி உருவாக்கிய பிறகுதான் வருகிறது என்பதை வாங்குபவர் அறிந்திருப்பது உங்களுக்கும் நல்லது.

சராசரியை மட்டும் பார்த்து நிம்மதி அடையவும் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பென்ட் ஃப்ளூபியர்க், அலெக்சாண்டர் புட்சியர் இருவரும் 1,471 தகவல் தொழில்நுட்பத் திட்டங்களை ஆராய்ந்து 2011-இல் எழுதினார்கள். சராசரிச் செலவு மீறல் 27 சதவீதம்தான். ஆனால் ஆறில் ஒரு திட்டத்தில் செலவு சராசரியாக 200 சதவீதம் மீறியிருந்தது. ஒரு சிறு குழுவை மூடவைப்பது அந்த ஆறில் ஒன்று. அதனால் முழுத் தொகையையும் முன்கூட்டியே நிர்ணயிக்கும் ஃபிக்ஸட் பிரைஸ் ஒப்பந்தத்தை, ஏற்கெனவே இரண்டு மூன்று முறை செய்து பழகிய வகை வேலைக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். புதிய வகை வேலை என்றால், முதல் இரண்டு மூன்று வாரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு செய்யும் ஆய்வுக் கட்டமாகப் பிரித்து, அதன் முடிவில் மீதிக்கு விலை சொல்லுங்கள். வீடு கட்டுகிறவர் மண் பரிசோதனைக்குக் காசு வாங்குவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. ஒப்பந்தத்தில், எதெல்லாம் இந்த விலையில் இல்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள். பின்னால் வரும் சேஞ்ச் ரிக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை) சண்டைகளில் பாதியை அந்த ஒரு பத்தி தடுக்கும்.

வேலை தொடங்கிய பிறகு முதல் எஸ்டிமேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். நான்கைந்து வாரத்தில் அதைவிட நல்ல தகவல் கையில் இருக்கும்: வாரத்துக்கு எத்தனை வேலைகள் உண்மையில் முடிகின்றன என்பது. வேலையின் அளவுக்குத் தரும் ஸ்டோரி பாயிண்ட் என்ற மதிப்பெண்ணை வைத்திருந்தாலும் சரி, வெறும் டிக்கெட் எண்ணிக்கை என்றாலும் சரி. கடந்த பத்து வாரத்தில் 3, 5, 2, 6, 4, 0, 5, 3, 7, 4 வேலைகள் முடிந்தன, இன்னும் 60 பாக்கி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 3.9, வகுத்தால் பதினைந்து வாரம் சொச்சம். ஆனால் அந்தப் பத்து எண்களிலிருந்து ஒவ்வொரு வாரத்துக்கும் ஒன்றைக் கண்ணை மூடி எடுத்து, 60 ஆகும்வரை கூட்டி, இதையே ஆயிரம் முறை கணினியில் ஓட்டினால், பதினைந்து வாரத்தில் முடிய வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு என்று தெரியும். பதினெட்டு வாரம் என்றால் பத்தில் ஒன்பது. ஒரு விரிதாளிலேயே இதைச் செய்யலாம். 60 என்பது நடுவில் 75 ஆகும் என்பதையும் உங்கள் பழைய ப்ராஜெக்டுகளைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆள் சேர்ப்பது. தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று புரூக்ஸ் சொன்னது பெரும்பாலும் உண்மையே. மூன்று பேர் பேசிக்கொள்ள மூன்று இணைப்புகள், ஐந்து பேருக்குப் பத்து, பத்துப் பேருக்கு நாற்பத்தைந்து. புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது, குழுவில் விஷயம் தெரிந்தவரின் நேரத்தைத்தான் தின்னும். ஆனால் இது எல்லா நிலைமைக்கும் பொருந்தாது. ஆறு மாதத் திட்டத்தில் இரண்டாவது மாதமே பின்தங்குவது தெரிந்து, பிரித்துக் கொடுக்கக்கூடிய தனி மாட்யூல் ஒன்றும் இருந்தால், அப்போதே சேர்க்கலாம். டெஸ்டிங்குக்கும் தரவு சுத்தம் செய்வதற்கும் பிந்தியும் சேர்க்கலாம். ஒப்படைக்க மூன்று வாரம் இருக்கும்போது மையமான பகுதியில் புதியவரை இறக்காதீர்கள். அந்த நிலையில் செய்யக்கூடியது, பாக்கியிருக்கும் வேலைகளின் பட்டியலைக் கிளையன்டின் முன் வைத்து, முதல் வெளியீட்டில் எவை வேண்டாம் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது. அந்தப் பேச்சை மூன்று வாரத்துக்கு முன் நடத்துவதைவிட மூன்று மாதத்துக்கு முன் நடத்தினால் அவருக்குத் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்கும்.